பழைய பீட்டிலுக்குப் புது ரப்பர்: தண்ணீர் வந்த வழியும் போன வழியும்

மழை பெய்த மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். நனைந்த விரிப்பு, பழைய பசை, துரு எல்லாம் கலந்த வாசனை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இரண்டு மழைக்காலமாக அந்த வாசனை இருந்தது. கண்ணாடியை இறக்கி வெயிலில் நிறுத்திக் காயவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து இருக்கையின் கீழே விரிப்பைத் தூக்கினேன். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. இனித் தள்ளிப்போட முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பீட்டிலில் உள்ளே தண்ணீர் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதி வெறும் படி அல்ல. பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து சூடான காற்றை முன்பக்கம் கொண்டுவரும் ஹீட்டர் சேனல் அது. பாடியின் பலத்தில் பெரும் பங்கும் அதற்கு உண்டு. உள்ளிருந்து துரு ஏறினால் வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். போதாததற்கு பேட்டரியும் பின் இருக்கைக்கு அடியில் வலப்பக்கம் இருக்கிறது. ஒரு பீட்டிலின் ஆயுள் அதன் ரப்பர்களில்தான் இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

முதலில் பழைய ரப்பரை நன்றாகப் பார்த்தேன். கதவு ரப்பரை நகத்தால் கீறினால் கருப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. மூலைகளில் வளைவுக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பு. இந்த வெடிப்பின் திசையே காரணத்தைச் சொல்லிவிடும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் இருக்கும் சிறிதளவு ஓசோன் அவற்றைத்தான் அறுக்கும். ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கே, இழுவைக்குக் குறுக்காக வெடிப்பு விழும். அதனால்தான் நேர்ப்பகுதி ஓரளவு நன்றாக இருக்க, மூலை மட்டும் முதலில் போகிறது. 1960களில் பரவலாக வந்த இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. வெயிலையும் ஓசோனையும் அது நெடுநாள் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதிவிடும். இதை நினைவில் வையுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருவேன்.

வெடிப்பு இல்லாத இடத்திலும் ரப்பர் செத்திருக்கலாம். வருடக்கணக்கில் அழுத்தப்பட்டே இருந்ததால் திரும்ப எழும்பாமல் தட்டையாகிவிடும். பார்வைக்கு முழுசாக இருக்கும், வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்கக் காகிதம் போதும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் அந்த இடம் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை என்று கதவைச் சுற்றி வந்தேன். காகிதம் வழுக்கிய இடங்களில் சாக்பீஸால் குறி போட்டேன். முடிவில் கதவு முழுக்க வெள்ளைக் குறிகள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. அக்கா மகன் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தான், நான் வெளியே ஹோஸோடு நின்றேன். இதில் ஒரு ஒழுங்கு உண்டு. கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. அழுத்தமாகப் பீய்ச்சவும் கூடாது, மழை மாதிரி வழிய விட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கதவின் கீழ்ப்பகுதி, பூட்டுப் பக்கம், கீல் பக்கம் என்று ஏறிக்கொண்டே வந்தேன். கதவு ரப்பரில் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கசிவு இல்லை. முன்கண்ணாடியின் கீழ் இடது மூலைக்கு வந்தபோது உள்ளிருந்து சத்தம் வந்தது: "மாமா, நிறுத்துங்க! டேஷ்போர்டுக்குப் பின்னால இருந்து வருது. ஆனா கண்ணாடி ஓரத்துல சொட்டே இல்ல."

இந்த ஒரு விஷயம்தான் இந்த வேலை முழுவதிலும் நான் கற்றுக்கொண்டது. ஈரம் தெரியும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. முன்கண்ணாடி ரப்பருக்குள் மூலையில் நுழைந்த தண்ணீர், தகட்டு விளிம்பின் வழியே இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் போய், கால்வைக்கும் இடத்தில் தேங்கியிருக்கிறது. நான் இரண்டு வருடமாகக் கதவு ரப்பரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது குற்றவாளிதான், ஆனால் பெரிய குற்றவாளி வேறு.

கதவு ரப்பர், முன்கண்ணாடி ரப்பர், கதவுக் கண்ணாடியின் ஃபெல்ட், அந்தக் கண்ணாடியில் தண்ணீரை வழிக்கும் பட்டைகள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று பட்டியல் போட்டேன். பீட்டில் 2 கோடிக்கு மேல் தயாரானது, கடைசி வண்டி 2003இல் மெக்சிகோவில் வெளிவந்தது. அதனால் உதிரி கிடைப்பதில் பிரச்சினை இல்லை. சரியான உதிரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. 1965 மாடலில் கண்ணாடிகளை எல்லாம் பெரிதாக்கினார்கள். 1973 மாடல் சூப்பர் பீட்டிலில் முன்கண்ணாடி வளைந்ததாக வந்தது. பார்வைக்கு ஒரே காராகத் தெரிந்தாலும் ஒன்றின் ரப்பர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கூடவே, கண்ணாடி ரப்பரிலும் இரண்டு வகை இருக்கிறது: சுற்றிலும் பளபளப்பான உலோகப் பட்டை செருகும் பள்ளம் உள்ளது ஒன்று, பள்ளம் இல்லாதது ஒன்று. உங்கள் காரில் பட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் வாங்கிய கதவு ரப்பர் செட்டை நான் பயன்படுத்தவே இல்லை. கையில் எடுத்ததுமே மனசு ஒப்பவில்லை. விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. மூலைக்கான வளைவு வார்க்கப்படாமல், நேராக வந்த ரப்பரை அங்கே மடக்கிக்கொள்ள வேண்டிய நிலை. மடக்கினால் உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் இழுபடும். முன்னால் சொன்ன வெடிப்புக்கு முதல் நாளே வழி வைத்த மாதிரி. இரண்டாவது செட்டில் மூலைகள் வார்த்தே வந்தன. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பியது. பழைய ரப்பரில் நசுங்காத ஒரு சின்னத் துண்டைக் கீலுக்குப் பக்கத்திலிருந்து வெட்டி, குறுக்குவெட்டு முகத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திருப்தி.

கழற்றும் வேலை சுலபம். பீட்டிலில் இந்த ரப்பர் கதவிலேயே ஒட்டியிருக்கும், பாடியில் அல்ல. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் உரிந்து வந்துவிடும். பசை வராது. என் காரில் மூன்று தலைமுறைப் பசை இருந்தது: மஞ்சளாக ஒன்று, கருப்பாகத் தார் போல ஒன்று, அதற்கு மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று. ஒவ்வொருவரும் முந்தையதைச் சுரண்டாமல் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஹீட் கன்னால் இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினேன். மிச்சத்துக்கு ஒயிட் ஸ்பிரிட் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்துத் துடைத்தேன். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பெயின்ட் இளகிவிடும். எந்தத் திரவமானாலும் கதவின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒன்றரை நாள் போனது. இந்த வேலையில் நேரம் போவது ஒட்டுவதில் இல்லை, சுத்தம் செய்வதில்தான்.

பசையை எடுத்ததும் வலது கதவின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. குத்தூசியால் குத்தினேன், செதிலாக உதிர்ந்தது. நல்ல வேளை, ஓட்டை விழவில்லை. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, ஓரத்தைச் சமன்செய்ய 320. குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர். தடவிய சில மணி நேரத்தில் செந்துரு கருத்துவிடும். பிறகு பிரைமர், இரண்டு கை பெயின்ட். அங்கிருந்து ஒரு வாரம் கதவைத் தொடவே இல்லை. பசையில் இருக்கும் கரைப்பான் புதுப் பெயின்ட்டைத் தூக்கிவிடும். காத்திருப்பது கடினம், ஆனால் ஈரப் பெயின்ட்டின் மேல் ஒட்டிய ரப்பர் பெயின்ட்டோடு சேர்ந்து உரியும்.

ஒட்டுவதற்கு முன் ரப்பரைப் பசையில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வார்த்த மூலை கதவின் மூலையில் உட்காருகிறதா, இடது வலது மாறியிருக்கிறதா, எல்லாம் அப்போது தெரிந்துவிடும். காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டுவிட்டேன். அது ஏறக்குறைய பத்து நிமிடம். ஈரமாக இருக்கும்போதே அமுக்கினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். பதம் வந்தபின் அமுக்கினால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் ஒரே மூச்சில் முழுக் கதவுக்கும் தடவாமல் பகுதி பகுதியாகச் செய்தேன்.

இடது கதவில் ஒரு தவறு செய்தேன். மேல் விளிம்பில் ரப்பர் நேராக, அழகாக நிற்க வேண்டும் என்று லேசாக இழுத்துப் பிடித்து ஒட்டினேன். அன்று மாலை பார்க்கும்போது கோடு போட்ட மாதிரி இருந்தது. மறுநாள் காலை மேல் மூலை விளிம்பை விட்டு விலகி, நடுவே 4 மி.மீ. இடைவெளி. இழுத்த ரப்பர் தன் நீளத்துக்குத் திரும்பப் போகும், பசை அதைத் தடுக்காது. அந்தப் பக்கத்தை முழுக்க உரித்து மறுபடி செய்தேன். இந்த முறை மூலைகளை முதலில் ஒட்டி, நடுப்பகுதியை மூலைகளை நோக்கி லேசாக நெருக்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். துளி மிச்சமாக இருப்பது போலத் தோன்றினாலும் அது அமுங்கி உட்கார்ந்துவிடும். வலது கதவை அப்படியே முதலிலிருந்தே செய்தேன், சிக்கலே வரவில்லை.

புது ரப்பரோடு கதவு சாத்தும்போது பயமாக இருக்கும். பாடியோடு சமமாக வராமல் துருத்திக்கொண்டு நிற்கும். பீட்டிலின் பாடி இயல்பிலேயே காற்றுப் புகாத கட்டு. எல்லாக் கண்ணாடியும் ஏற்றிய நிலையில் கதவு சாத்தக் கஷ்டம் என்பது இந்தக் காருக்குப் பழைய பெயர். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்துச் சாத்தினால் உள்காற்று வெளியேற வழி கிடைக்கும். கதவுப் பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும், தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் பிளேட்டை உடனே நகர்த்தத் துடிக்காதீர்கள். நான் பத்து நாள் கதவைச் சாத்தியே வைத்தேன், ரப்பர் படிந்தது. அதன் பிறகு ஸ்ட்ரைக்கரில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் தேவைப்பட்டது. முதல் நாளே தள்ளிவைத்திருந்தால், ரப்பர் படிந்ததும் கதவு ஆடியிருக்கும்.

அடுத்து கதவின் உள்ளே. கண்ணாடி ஏறி இறங்கும் ஃபெல்ட் சட்டமும், கண்ணாடியின் இரு பக்கமும் தண்ணீரை வழிக்கும் பட்டைகளும் மாற்றினேன். அது வழக்கமான வேலை, பொறுமை இருந்தால் போதும். எழுத வேண்டியது உள்பலகையைக் கழற்றியபோது கண்டதைப் பற்றி. கண்ணாடியை ஒட்டி வரும் மழைநீர் கதவுக்குள் போவது தவறு அல்ல. பட்டை எவ்வளவு புதிதானாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே விழுந்த தண்ணீர் அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியே வெளியேற வேண்டும், அவ்வளவுதான். என் கதவில் துளைகள் இருந்த இடமே தெரியவில்லை. தூசியும் இலைத்தூளும் உதிர்ந்த ஃபெல்ட்டும் சேர்ந்து அடியில் களிமண் மாதிரி இறுகியிருந்தது. வளைத்த கம்பியால் நோண்டினேன். முதல் துளை திறந்ததும் கருப்பாக ஒரு கோடு தண்ணீர் ஒழுகியது. எத்தனை மாதம் அங்கே நின்றதோ.

உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும், அது ஒரு கதவில் இல்லவே இல்லை. எப்போதோ யாரோ கண்ணாடி ஏற்றும் பொறியைச் சரிசெய்யக் கிழித்திருக்கலாம். கதவுக்குள் தெறிக்கும் தண்ணீர் பலகையை நனைக்காமல் தடுப்பது அந்தத் தாள்தான். கெட்டியான பாலித்தீனை அளவாக வெட்டி பியூட்டைல் நாடாவால் ஒட்டினேன். தாளின் கீழ் விளிம்பை உள்பலகைப் பக்கம் தொங்கவிடாமல் கதவின் பிளவுக்குள் செருகிவிட வேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்து நிற்கிற மாதிரி, எந்த இடத்திலும் தண்ணீர் கதவின் உட்பக்கமே விழ வேண்டும். பல கார்களில் "கதவு ரப்பர் போய்விட்டது" என்று சொல்லப்படும் ஈரம் இந்தத் தாளால் வருவதுதான் என்பது என் எண்ணம்.

கடைசியாக முன்கண்ணாடி. பழைய கண்ணாடியையே திரும்பப் போடப் போகிறீர்கள் என்றால் நெம்புகோல் வைத்து நெம்பாதீர்கள். லேமினேட்டட் கண்ணாடி முகத்தில் வரும் அழுத்தத்தைத் தாங்கும், ஓரத்தில் வரும் முறுக்கைத் தாங்காது. வெளியே தெரியும் ரப்பர் உதட்டைச் சுற்றிலும் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டால், உள்ளிருந்து உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாலே கண்ணாடி வந்துவிடும். வெளியே ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இடது கீழ் மூலை விளிம்பில் நான் எதிர்பார்த்தபடி துரு. கதவில் செய்த அதே முறை, இன்னொரு வாரக் காத்திருப்பு.

ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டியதும் உலோகப் பட்டையைச் செருக வேண்டும். கண்ணாடி பாடிக்குப் போன பிறகு செருக முடியாது. மெல்லிசான அலுமினியம், ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. கண்ணாடியைப் போர்வை விரித்த மேசையில் படுக்கவைத்து, பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, ரப்பரின் உதட்டைப் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் திறந்து விரல்நீளம் விரல்நீளமாக அமுக்கினோம். ஒருவர் உதட்டைத் திறக்க, இன்னொருவர் பட்டையை அமுக்க, கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. அவசரப்பட்டிருந்தால் வளைந்திருக்கும்.

மாட்டுவது கயிற்று முறை. ரப்பரின் உள்பள்ளத்தில் 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு உள்பக்கம் தொங்கவிட்டோம். பாடி விளிம்பிலும் ரப்பரிலும் தாராளமாகச் சோப்புத் தண்ணீர். கண்ணாடியை வெளியிலிருந்து நடுவாக வைத்து நான் உள்ளங்கையால் அழுத்த, அக்கா மகன் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு ஒவ்வொரு அங்குலமாக எழும்பி விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். மெல்லிய "ப்ளக்" என்ற சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த இடத்துக்கு நேரே வெளியே என் கை இருக்க வேண்டும். கீழ் விளிம்பு முடித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறி, மேல் நடுவில் முடித்தோம். மேல் வலது மூலையில் உதடு விளிம்புக்கு வெளியே சிக்கிக்கொண்டது. கயிற்றை விட்டுவிட்டு, மழுங்கிய பிளாஸ்டிக் நெம்பியால் அதை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். இரும்புத் திருப்புளி எடுக்கத் தோன்றும், எடுக்கக் கூடாது. கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு போதும், விரிசல் ஓடிவிடும்.

சிலர் இந்த இடத்தில் சந்துகளுக்கு வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கான் சீலன்ட்டைப் பிதுக்குவார்கள். அந்த வாசனை அசிட்டிக் அமிலத்தினுடையது, அது இரும்பைத் துருவாக்கும். அடுத்த முறை கழற்றுபவருக்கும் நரகம். நல்ல ரப்பர் நல்ல விளிம்பில் உட்கார்ந்தால் எதுவும் தேவையில்லை. தேவைப்பட்டால் இறுகாத பியூட்டைல் மாஸ்டிக் மட்டும், அதுவும் ரப்பருக்கும் பாடிக்கும் இடையில்.

எல்லாம் முடிந்து அதே ஹோஸ், அதே டார்ச். கீழிருந்து மேலே ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். முன்கண்ணாடி மூலைக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒண்ணும் இல்ல மாமா, காஞ்சு போய்க் கிடக்கு," என்றான். கதவுக் காகிதச் சோதனையில் இரண்டு இடம் மட்டும் லேசாக வழுக்கியது. ஒரு வாரத்தில் அதுவும் இறுகிவிட்டது.

பராமரிப்புக்கு இபிடிஎம் பற்றி முன்னால் சொன்னது இங்கே வருகிறது. ரப்பர் வழவழப்பாக இருக்க சாதாரண பெட்ரோலிய கிரீஸோ எண்ணெயோ தடவினால் சில மாதத்தில் ஊதி இளகிவிடும். சிலிக்கான் கிரீஸை மெல்லிய துணியில் எடுத்து வருடத்துக்கு இரண்டு முறை துடைத்தால் போதும். அப்போதே ஒரு கம்பியை வடிகால் துளைகளில் விட்டு எடுத்துவிடுகிறேன்.

முன்பக்க முக்கோணக் கண்ணாடிகளின் ரப்பர் இன்னும் பாக்கி. அதன் மேல் கீலில் இருக்கும் ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துப் புதிது அடிக்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இந்த வாரம் நல்ல மழை. காலையில் கதவுக்கு அடியில் தரையைப் பார்த்தேன். வடிகால் துளைகள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே இரண்டு இரண்டாகச் சின்ன ஈரப் புள்ளிகள். உள்ளே விரிப்பைத் தூக்கிக் கைவைத்துப் பார்த்தேன், தகடு காய்ந்து கிடந்தது.